பத்திரம்

ஓஹையோ, ஜேன்ஸ்வில். மார்ச் மாதத்துச் சேறு.
வெர்னா ஸ்டக்கி வீட்டு நிலவறையில்
துணி துவைக்கும் மெஷின்மேல்
பழைய துண்டு விரித்து அதைக் கிடத்தியிருந்தாள்,
குளிப்பாட்டி எடுத்த பிள்ளைபோல
என்று எழுதக் கை போகிறது.
இல்லை. இரும்புபோலத்தான் கிடந்தது.

நான் வாரிசுக் கோர்ட்டுக்கு விலை போடுகிறவன்.
நேற்று ஒரு பியானோ. முந்தாநாள்
நாற்பது பசுக்களும் ஒரு பால் தொட்டியும்.
இன்று எம்பி நாற்பது, ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கி.
சுட்டதில்லை.
பசுவையும்தான் கறந்ததில்லை.

முதலில் காகிதத்தைக் கேட்டேன்.
இந்தக் கணக்கில் இரும்பு அப்புறம்தான்.
அறுபத்தெட்டு நவம்பரில்
முப்பது நாள் மன்னிப்புத் தந்தது அரசாங்கம்:
கட்டிலுக்கடியில் வைத்திருப்பவர்கள்
எழுதிப் போடலாம், கேள்வி இல்லை.
ஆர்வில் ஸ்டக்கி எழுதிப் போட்டார்.
மூன்றாம் வீட்டுக்காரர் போடவில்லை.
அவருடையதை மூன்று துண்டாக அறுத்தார்கள்.
அதே தொழிற்சாலை, அதே வருடம்.
எண்பத்தாறு மே மாதத்தில் ஏட்டையே மூடியாயிற்று;
பிறகு பிறந்த எதுவும் தனியார் பெயரில் ஏறாது.
ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன்
இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள்.
இங்கே பட்டா இருந்தால்தான் ஆனை,
இல்லையென்றால் பத்தாண்டுவரை சிறை.

காகிதத்தில் நான்காவது எண்
மூன்றா எட்டா தெரியவில்லை.
டைப்ரைட்டரில் மை அடைத்திருக்க வேண்டும்.
மூன்றென்றால் சொத்து.
எட்டென்றால் நான் காரில் ஏறிவிட வேண்டும்,
அவள் வக்கீலைக் கூப்பிட வேண்டும்.
லென்ஸ் வைத்தேன். ஜன்னலடிக்குக் கொண்டுபோனேன்.
பிறந்த தேதியில் ஒரு மூன்று இருந்தது.
அதுவும் இதேபோல் வயிறு பாதி அடைத்துக் கிடந்தது.
கதவிலக்கத்து எட்டோ முழுக்கக் கறுப்பு.
அப்போதுதான் கவனித்தேன்,
வெர்னாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இரும்பு.
கருநீல மெருகு எண்பது சதம் மிச்சம்.
மடிக்கும் பின்கட்டையில் லேசான ஆட்டம்.
எங்கும் ஒரே எண், உள்ளே போல்ட்டில் மட்டும் வேறு;
எந்தப் பட்டறையில் எந்த ராத்திரி மாறியதோ,
மூவாயிரம் கழித்தேன்.
யாரும் தேய்த்துப் பளபளப்பாக்காமல்
சும்மா விட்டதற்குக் கொஞ்சம் கூட்டினேன்.
இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒன்று
போன வருடம் கென்டக்கி ஏலத்தில் போன விலை
குறிப்பில் இருந்தது.
அரிசோனாவிலிருந்து டேல் இரண்டு தரம் அழைத்தான்.
"ரவுண்டாச் சொல்லச் சொல்லு அக்கா."

வெர்னா ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு கடிதம் எடுத்தாள்.
நாற்பத்தைந்து ஏப்ரலில்
அப்பா தன் வீட்டுக்கு எழுதியது.
ஒரு பண்ணை. பால்கேன்மேல் உட்கார்ந்தபடி
தூங்கிக்கொண்டிருந்த பையன். மடியில் இது.
நான் அவனை எழுப்பவில்லை.
அடுத்த வரி மையால் அடித்திருந்தது,
ராணுவத் தணிக்கையா, அவரேதானா.
அதன்பின் மழை, ஈரக் காலுறை, அம்மா சுகமா.

"இதையும் சேர்த்தா எவ்வளவு?"

இரண்டாயிரத்தைந்நூறு கூடும் என்றேன்.
வாங்குகிறவர்கள் சட்டம் போட்டுப்
பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

நாற்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்;
பின்னிருக்கைச் சத்தத்துக்குக்
கண்ணாடியை நிமிர்ந்து பார்ப்பவள்போல்
என்னைப் பார்த்தாள்.
மடித்தாள்.
"இது பத்திரமா இருக்கட்டும்.
இல்லாமலே போடுங்க."

போட்டேன்.
இருபத்து மூவாயிரத்து நூறு டாலர்,
மூன்றின் வயிற்றை நன்றாகத் திறந்து.

படியேறும்போது வாய் சும்மா இருக்கவில்லை:
அந்த அடித்த வரியை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுண்டா?

"அந்தத் துண்டை மட்டும் இப்படிக் குடுங்க," என்றாள்,
"எண்ணெய் பட்டிருக்கு, ஊறப் போடணும்."